ஐந்நூறு கிலோ பசி

ஆடிட்டர் பிக்கப் வண்டி வாங்கியபோது அதற்கு ஒரு காரணம் இருந்தது. அது என்னவென்று இப்போது வீட்டில் யாருக்கும் நினைவில்லை. மலைக்குப் போகலாம் என்றார், காட்டில் தங்கலாம் என்றார். வண்டி இதுவரை ஏறிய பெரிய மலை, சூப்பர் மார்க்கெட் மாடியில் கார் நிறுத்தப் போகும் சரிவுதான்.

முதலில் முன்னால் ஓர் இரும்பு பம்பர் வந்தது. பம்பர் தனியாக இருக்கக் கூடாதென்று அதற்குள் ஒரு வின்ச் வந்தது. சேற்றில் மாட்டினால் மரத்தில் கயிறு கட்டி வண்டியைத் தானே இழுத்துக்கொள்ளுமாம். ஆடிட்டர் குடியிருந்த தெருவில் சேறும் இல்லை, மரமும் இல்லை. இந்த இரண்டின் கனத்தில் வண்டியின் மூக்கு கீழே போயிற்று. ஆக்சசரி கடைக்காரர் குனிந்து பார்த்து, நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்பிரிங் மாத்தணும் சார். முன்னால மாத்தினா பின்னாலயும் மாத்தணும். இல்லன்னா வண்டிக்கு மனசு சரியிருக்காது."

பின்னால் போட்டது ஐந்நூறு கிலோ ஸ்பிரிங். அதாவது வண்டியின் முதுகில் எந்நேரமும் ஐந்நூறு கிலோ உட்கார்ந்திருக்கும் என்று கணக்கிட்டுச் செய்த கனமான வில்பட்டை. ஆடிட்டர் வண்டியின் முதுகில் அப்போது ஒரு குடையும் ஒரு பழைய செய்தித்தாளும்தான் இருந்தன. அன்று மாலை வேகத்தடையில் ஏறி இறங்கியதில் ஆடிட்டர் மனைவிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மறுநாள் கடைக்காரரிடம் போய் நியாயம் கேட்டார்கள்.

"ஸ்பிரிங் மேல தப்பே இல்ல சார். அது பட்டினி கிடக்குது. ஐந்நூறு கிலோ சாப்பிடுற ஆளு. நீங்க ஒண்ணுமே போடல."

ஆகவே போட்டார்கள். இரும்பில் இழுப்பறைப் பெட்டி, அதற்கு மேல் இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் மடக்குக் கூடாரம், தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி, அந்தக் குளிர்பெட்டிக்கென்று இரண்டாவது பேட்டரி, இரண்டாவது ஸ்டெப்னி, மணலில் புதைந்தால் தோண்ட மண்வெட்டி, அடியில் பாறை இடிக்காமலிருக்க இரும்புத் தகடு. ஸ்பிரிங் வயிறார உண்டு லேசாகத் தொய்ந்தது. கடைக்காரர் மீண்டும் குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் அதிகமாயிடுச்சு சார். இதுக்கு அடுத்த சைஸ் ஒண்ணு இருக்கு."

"நல்லவேளை என்னைக் கட்டிக்கிட்ட அப்புறம் இந்தக் கடையைப் பார்த்தீங்க," என்றாள் ஆடிட்டர் மனைவி. "முன்னாடியே பார்த்திருந்தா என்னையும் சைஸ் மாத்தியிருப்பீங்க."

ஊரார் கணக்கில் ஒரு டீ செலவு இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் மோப்பம் பிடிக்கிற மனிதர் இவர். தன் வண்டிக் கணக்கில் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். வண்டி தாங்குவது ஆயிரத்து ஐம்பது, புது ஸ்பிரிங் தாங்குவது ஐந்நூறு, இரண்டையும் கூட்டினால் ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது. பொருத்திய சாமான்களை அவர் சுமையில் சேர்க்கவில்லை.

"அதெல்லாம் சுமை இல்ல மாப்ள. சொத்து. வண்டியோட சேர்ந்துடுச்சு."

மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டது தங்கையின் கணவனை. தங்கை இல்லை, காய்ச்சலில் படுத்தவள் எழவில்லை. ஆண்டு ஒன்று முடியப்போகிறது. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் அவன் மாப்பிள்ளைதான். அந்த உத்தியோகத்திலிருந்து யாரும் அவனை விடுவிக்கவில்லை. அவனும் ராஜினாமா எழுதவில்லை. கூப்பிட்டால் போவான், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவான். வண்டியில் புதிதாக எதையாவது காட்டினால் "நல்லா இருக்கு மச்சான்" என்பான். தங்கை போன பிறகுதான் ஆடிட்டருக்கு இந்த ஆக்சசரிப் பித்து முற்றியது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளை மண்வெட்டியைக்கூடப் பாராட்டினான்.

தங்கை பல் டாக்டர். வாடகைக்கு எடுத்த தரைத்தள அறை ஒன்றில் வைத்தியம் பார்த்தாள். அந்த அறையில் கடைசியாக மிச்சமிருந்தது நாற்காலி. பல் வைத்தியத்தின் பெரிய நாற்காலி. வெளிர்பச்சை மெத்தை, தலைக்கு மேல் விளக்கு, பக்கத்தில் கொப்பளித்துத் துப்ப ஒரு பீங்கான் கிண்ணம். அடிப்பகுதி கனத்த வார்ப்பிரும்பு. எல்லாம் சேர்த்து இருநூற்று எழுபது கிலோ. அறையை ஒரு செல்போன் கடைக்காரர் எடுத்திருந்தார். காலையில் பெயிண்டர்கள் வருகிறார்கள். அதற்குள் நாற்காலி போயாக வேண்டும்.

போவதற்கு இடமும் இருந்தது. அவளோடு படித்தவள் ஒருத்தி ஆற்றுக்கு அந்தப்பக்கம் சின்ன ஊரில் புதிதாக வைத்தியம் தொடங்கியிருந்தாள். நோயாளிகளைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு பல் பார்க்கிறாள். "அண்ணா, அதை எனக்குக் குடுங்க, நான் நல்லா வெச்சுக்கறேன்" என்று கேட்டாள். மாப்பிள்ளை உடனே சரி என்றான், ஒரு லாரியும் பேசினான்.

செய்தி ஆடிட்டர் காதுக்குப் போயிற்று.

"என் தங்கச்சி சேரு வாடகை லாரியில போகுதா? நான் ஒருத்தன் இங்க எதுக்கு இருக்கேன்? ஐந்நூறு கிலோ ஸ்பிரிங் எதுக்கு இருக்கு?"

"லாரிக்காரர்கிட்ட பேசிட்டேன் மச்சான்."

"நான் அவன்கிட்ட வேண்டாம்னுட்டேன்."

இப்படியாக லாரி போனது, பிக்கப் வந்தது. கூலிக்கு வந்த நால்வர் நாற்காலியை மடக்கிச் சாய்த்து, இழுப்பறைப் பெட்டிக்கு மேலும் கூடாரத்துக்குக் கீழும் இருந்த இடைவெளியில் செருகினார்கள். ஒருவர் மூச்சு வாங்கியபடி, "சார், இதுல எங்க சார் லோடு ஏத்துவீங்க? வண்டியே லோடாத்தான் இருக்கு" என்றார். ஆடிட்டருக்கு அது காதில் விழவில்லை. அவர் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா மாப்ள, அசையவே இல்ல."

அசைய இனி இடமில்லாமல் அது படுத்துவிட்டிருந்தது.

வண்டி போன விதத்தைச் சொல்ல வேண்டும். முன்பக்கம் வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தரையைத் தடவியது. பகல் வெளிச்சத்தில் முன்விளக்கைப் போட்டால் எதிர் மாடியில் துணி காயப்போட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிரேக்கை மிதித்தால் வண்டி சற்று யோசித்துவிட்டுத்தான் நின்றது. ஆடிட்டர் விசிலடித்தார்.

"இப்பதான் வண்டி அதோட முழு பலத்துல ஓடுது. சும்மா மெத்தை மாதிரி போகுது பார்."

"பின்னாடி ஏதோ உரசுது மச்சான்."

"அது சத்தம் இல்ல. ஸ்பிரிங் வேலை செய்யுது."

ஆற்றுப் பாலத்தில் பழுதுவேலை நடந்துகொண்டிருந்தது. பாலத்துக்கு முன்னால் எடைமேடை வைத்திருந்தார்கள். சரக்கு வண்டி எதுவாக இருந்தாலும் மேடையில் ஏறி எடை காட்ட வேண்டும். அந்தந்த வண்டிக்கு அனுமதித்த எடைக்குள் இருந்தால்தான் பாலம் திறக்கும். தகரக் கூண்டுக்குள் மின்விசிறிக்கு முகத்தைக் கொடுத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, ஆடிட்டரின் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தாள். ஆடிட்டரே இதுவரை படிக்காத ஸ்டிக்கர் அது.

"உங்க லிமிட் மூவாயிரம் சார். வண்டி, ஆளு, டீசல், சாமான் எல்லாம் சேர்த்து."

மேடையின் சிவப்பு எண் மூவாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து என்றது.

"உங்க மெஷின் தப்பா காட்டுது," என்றார் ஆடிட்டர்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க. ரிவர்ஸ் எடுங்க."

"அம்மா, கொஞ்சம் கேளுங்க. இது சாதா வண்டி இல்ல. ஐந்நூறு கிலோ ஸ்பிரிங் எக்ஸ்ட்ரா போட்டிருக்கு. உங்க மூவாயிரத்தோட அதையும் கூட்டுங்க."

"ஸ்பிரிங் மாத்தினா பிரேக் பெரிசாகுமா சார்? அச்சு தடிக்குமா? கம்பெனி சொன்னது மூவாயிரம். பெரிய பெல்ட் வாங்கினா வயிறு எடை குறைஞ்சிடுமா?"

அந்த நேரம் பார்த்து, சிமெண்ட் ஏற்றிய பத்துச் சக்கர லாரி ஒன்று அடுத்த மேடையில் ஏறி, பச்சை விளக்கு வாங்கி, முனகிக்கொண்டே பாலத்துக்குள் போயிற்று.

"அது என் வண்டி மாதிரி எட்டு இருக்கும்! அதை விட்டுட்டீங்க?"

"அது அதோட லிமிட்டுக்குள்ள இருக்கு. நீங்க உங்களோட லிமிட்டுக்குள்ள இல்ல."

பின்னால் காய்கறி வண்டி ஓட்டுநர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே, அது வண்டியா வீடா? வீடுன்னா ஓரமா கட்டுங்க!"

ஓரமாகக் கட்டினார்கள். ஆடிட்டர் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். நெற்றி வியர்த்திருந்தது. தோற்றதைத் தோற்றதென்று சொல்லும் பழக்கம் அவருக்கில்லை. ஆகவே திட்டத்தை மாற்றினார்.

"திரும்பிடலாம் மாப்ள. இன்னைக்கு ஒரு நாள்ல என்ன வந்துடப்போகுது? சேரை உன் ஹால்ல இறக்கி வைப்போம். உன் ஹால்தான் காலியா கிடக்கே. அடுத்த வாரம் வேற வழியாப் பார்ப்போம்."

மாப்பிள்ளைக்கு அந்த அடுத்த வாரம் தெரியும். அவளுடைய செருப்பு அலமாரி அப்படியோர் அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கிறது. அவளுடைய தையல் மெஷின் காத்திருக்கிறது. நாற்காலி ஹாலுக்கு வந்தால் அதுவும் விளக்கை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். வருகிறவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள்.

"வேண்டாம் மச்சான்."

ஆடிட்டர் நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை வாயிலிருந்து இந்தச் சொல்லை அவர் கேட்டு வெகுநாளாயிற்று.

"ஏன்டா?"

"வந்தா நான் அதுலயேதான் தூங்குவேன். அப்புறம் அது போகாது. இன்னைக்கே போகணும்."

ஆடிட்டர் வண்டியின் பின்பக்கம் போனார். இழுப்பறையில் இருந்து ஸ்பானர்ப் பையை எடுத்தார். எடுக்கும்போதே "இதுவே ஆறு கிலோ இருக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கழற்ற ஆரம்பித்தார்கள்.

தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டதும் சாலையோரம் சிற்றோடை போல ஓடிற்று. காய்கறி வண்டிக்காரர் இறங்கி வந்து அதில் முகம் கழுவிக்கொண்டார். கூடாரத்தின் நட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு பழைய உறவு மாதிரி பிடிவாதம் பிடித்தன. அதை இறக்க இரண்டு லாரி ஓட்டுநர்கள் கை கொடுத்தார்கள்.

"சார், இதுல எப்பவாவது படுத்திருக்கீங்களா?" என்றார் ஒருவர்.

"வீட்டு வாசல்ல ஒரு தடவை."

"கொசு இருந்துச்சா?"

"இருந்துச்சு. உள்ள போய் படுத்துட்டேன்."

குளிர்பெட்டி இறங்கியது. உள்ளே ஒரே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. ஸ்டெப்னி இறங்கியது. மண்வெட்டி, ஜாக்கி, மணலில் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பலகை எல்லாம் இறங்கின. ஒவ்வொன்றையும் தரையில் வைக்கும்போது ஆடிட்டர் அதன் பிறந்த கதையைச் சொன்னார்: இது கடைக்காரர் பிறந்தநாள் விலைக்குக் கொடுத்தது, இது கடைசி பீஸ், இது ராணுவத்தில் பயன்படுத்துவது. இழுப்பறைப் பெட்டி மட்டும் நாற்காலிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பம்பரும் வின்ச்சும் பட்டறைக்குப் போகாமல் வராது.

மீண்டும் மேடை. மூவாயிரத்து எண்பது.

"எண்பதுதானே அம்மா. கண்ணை மூடிக்கோங்க."

"நான் மூடினாலும் மெஷின் மூடாது சார்."

"நான் இறங்கிக்கறேன்," என்றான் மாப்பிள்ளை. "நீங்க ஓட்டிட்டுப் போங்க மச்சான். நான் பாலத்துல நடந்து வர்றேன்."

அவன் இறங்கி நின்றான். எண் மாறியது. மூவாயிரத்து இருபத்திரண்டு.

ஆடிட்டர் அதைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். மனக்கணக்கு அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

"ஐம்பத்தெட்டுதானா நீ? கல்யாணத்துல எழுபத்தஞ்சு இருந்தியேடா. இப்ப நீ இருந்தாலும் இறங்கினாலும் வண்டிக்கு ஒண்ணுதான்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. மாப்பிள்ளை கதவைத் திறந்தான். திரும்பி வண்டியில் ஏறிக்கொண்டான்.

கூண்டுப் பெண் ஜன்னலில் முழங்கையை ஊன்றினாள்.

"சார், நீங்க எவ்வளவு இருப்பீங்க?"

"நானா? நான் எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"தொண்ணூத்தாறு."

அவள் மேடையின் எண்ணைப் பார்த்தாள். காய்கறி வண்டிக்காரர்தான் சொன்னார்.

"அண்ணே, கழட்டுறதுக்கு இன்னும் ஒரு சாமான் பாக்கி இருக்குண்ணே."

"நானும் ஆக்சசரியாய்யா?" என்றார் ஆடிட்டர்.

யாரும் இல்லையென்று சொல்லவில்லை. அவர் மெல்ல இறங்கினார். மேடையின் எண் அவருக்காகவே காத்திருந்தது போல மளமளவென்று கீழே வந்து இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. காய்கறி வண்டிக்காரர் கைதட்டினார்.

அந்த வண்டியின் சாவியை ஆடிட்டர் இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. மனைவி கேட்டபோதுகூட "கிளட்ச் கூச்சப்படும்" என்று சொன்னவர். இப்போது மாப்பிள்ளை ஓட்டும் இருக்கையில் நகர்ந்து உட்கார்ந்தான். ஆடிட்டர் பின்பக்கம் ஏறி, நாற்காலியைக் கட்டியிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. பிறகும் சற்று நேரம் அங்கேயே குனிந்து நின்றார். இறங்கி ஜன்னலுக்கு வந்தார்.

"பள்ளத்துல மெதுவா. திருப்பத்துல பிரேக் போடாதே. முன்னாடியே போட்டுக்கோ."

"சரி மச்சான்."

"கட்டு அவுந்தா நிறுத்திப் பாரு."

"சரி."

"போ. நான் இதுங்களுக்குக் காவல் இருக்கேன்."

பாலத்தின் மேல் வண்டி அமைதியாகப் போனது. உரசல் நின்றிருந்தது. மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்தான். நாற்காலியின் தலைப்பகுதி தெரிந்தது. வழியில் அதனோடு ஏதாவது பேச வேண்டியிருக்குமோ என்று நினைத்துப் பார்த்தான். பேச ஒன்றும் வரவில்லை. ஒரு திருப்பத்தில் முன்னாடியே பிரேக் போட்டான். வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

ஆற்றுக்கு அந்தப்பக்கத்துப் புது டாக்டர் வாசலில் நின்றிருந்தாள். ஆட்கள் இறக்கினார்கள், தரையில் போல்ட் போட்டார்கள். விளக்கை இணைத்ததும் எரிந்தது. பெடலை மிதித்ததும் நாற்காலி ஒரு முனகலோடு மேலெழுந்தது. மூலையில், ஒரு கையால் கன்னத்தைத் தாங்கியபடி, ஒரு பெரியவர் மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் இன்னும் வாங்க என்று சொல்லவில்லை. அவரே எழுந்து வந்து ஏறிப் படுத்து, வாயைத் திறந்துவிட்டார்.

டாக்டர் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, உங்களுக்கு ஏதும்..."

"பாருங்க. அவருக்கு வலிக்குது."

அவன் கதவோரம் நின்று பார்த்தான். வேலை முடிந்ததும் பெரியவர் கிண்ணத்தில் துப்பிவிட்டு, உட்கார்ந்தபடியே மெத்தையை ஒரு தட்டுத் தட்டி, "நல்ல சேரும்மா" என்றார். டாக்டர் டீ போடட்டுமா என்று கேட்டாள். மச்சான் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

வெறும் வண்டி திரும்பும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் அவனைக் கூரைவரை தூக்கிப் போட்டது. எடைமேடைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சாலையோரம் கூடாரம் விரித்து நின்றது. உள்ளே ஒரு லாரி ஓட்டுநர் குறட்டை விட்டுத் தூங்கினார். குளிர்பெட்டியின் மேல் ஆடிட்டர் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி அவருடைய சொத்தெல்லாம் பரந்து கிடந்தது. வீட்டை விட்டு விரட்டப்பட்ட குடித்தனக்காரர் மாதிரி இருந்தார்.

"எப்படி ஓடுச்சு?"

"போகும்போது நல்லா போச்சு. வரும்போது தூக்கிப் போட்டுச்சு."

"அதான் நான் சொன்னேன். பசி." பழக்கத்தில் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அதைத் தொடரவில்லை. எழுந்து பின்பக்கம் போய், இழுப்பறைப் பெட்டிக்கு மேலிருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். தளர்ந்து கிடந்த பட்டை ஒன்றைக் கையில் எடுத்துச் சுருட்டினார்.

"யாராவது உட்கார்ந்தாங்களா?"

"ஒரு பெரியவர். கடவாய்ப்பல்."

"புடுங்கிட்டாளா?"

"புடுங்கிட்டாங்க."

"வலிச்சுதாமா?"

"இல்லைன்னார். நல்ல சேருன்னார்."

ஆடிட்டர் சுருட்டிய பட்டையை அவிழ்த்து மறுபடி சுருட்டினார். முகத்தை அந்தப்பக்கம் வைத்துக்கொண்டார். கூடாரத்துக்குள் லாரி ஓட்டுநர் புரண்டு படுத்தார்.

"எழுப்பட்டுமா மச்சான்? ஏத்திடலாம்."

"வேண்டாம்," என்றார் ஆடிட்டர். "தூங்கட்டும். இதுல இதுவரைக்கும் ஒருத்தரும் தூங்கினதில்ல."

இருவரும் வண்டியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்தார்கள். ஸ்பிரிங் கொஞ்சங்கூட இறங்கவில்லை.